எல்லாம் கவர்மெண்ட், ஸ்கூல் மட்டும் பிரைவேட்

திருச்சிக்காரர்களுக்கு அரசாங்கத்தின் மேல் உள்ள பக்தி, ரங்கநாதர் மேல் உள்ள பக்திக்கு ஒரு மாற்றுதான் குறைவு. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப். அது அமையாவிட்டால் பெல். அதுவும் அமையாவிட்டால் துப்பாக்கித் தொழிற்சாலை. பிள்ளை இன்ஜினியரிங் படிக்க வேண்டுமா, துவாக்குடி என்ஐடி. டாக்டருக்கா, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி. சேமிக்கத் தபால் ஆபீஸ், பொங்கலுக்குக் கரும்பு ரேஷன் கடை, வயதான காலத்தில் பென்ஷன். இத்தனையையும் அரசாங்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற நாம், நாலு வயதுக் குழந்தைக்கு 'அ' எழுதச் சொல்லித்தரும் வேலையை மட்டும் அதை நம்பிக் கொடுக்க மாட்டோம். அது பெரிய பொறுப்பு. அதற்கு டை கட்டிய ஸ்தாபனம் வேண்டும்.

'நாம்' என்று பொதுவில் சொன்னது ஒரு தற்காப்புக்காக. 'நான்' என்றே வாசித்துக்கொள்ளலாம்.

நான் பொன்மலை ஒர்க்ஷாப்பில் கோப்பு புரட்டும் குமாஸ்தா. குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவுக்குப் பக்கத்தில். பிறந்தது லால்குடிப் பக்கம் ஒரு கிராமம். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1-ல் தொடங்கிவைத்தது எங்கள் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில். அடுத்த வருடமே நான் ஒன்றாம் வகுப்பில் தட்டோடு போய் உட்கார்ந்துவிட்டேன். முட்டை வருவதற்கு 1989 ஆகிவிட்டது. அதுவும் பதினைந்து நாளுக்கு ஒன்று. முட்டை நாளில் எங்கள் வகுப்பில் காய்ச்சல், வயிற்றுவலி எதுவும் இருக்காது. அரசுப் பள்ளி, தமிழ் வழி, அரசுக் கல்லூரி, அப்புறம் ரயில்வே தேர்வு. உச்சிமுதல் உள்ளங்கால்வரை அரசாங்கம் செய்த உருப்படி நான்.

என் மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்ததற்குக் காரணம் கேட்பவர்களிடம், "நாங்க பட்ட கஷ்டம் அவன் படக்கூடாது பாருங்க" என்று சொல்லிவந்தேன். என்ன கஷ்டம் என்று ஒரு நாள் என் மனைவி கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். பள்ளி, வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. மத்தியானம் சுடச்சுடச் சோறு. புத்தகத்துக்குக் காசில்லை. நாலு மணிக்கு மேல் வாய்க்காலில் குளியல்.

"ஃபேன் இல்ல," என்றேன் கடைசியில்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்குக் குழந்தைகள் கல்விப் படி என்று ஒன்று தருகிறார்கள். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2,250 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டால் இந்தப் படி கால் பங்கு ஏறும் என்பது விதி. 2024 ஜனவரியில் தொட்டது. படி 2,812 ரூபாய் 50 காசு ஆனது. தன் பள்ளியில் சேர்க்காதவனுக்கும் அரசாங்கம் ஐம்பது காசு பிசகாமல் கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்கிறது. நான் அதை வாங்கி, அதோடு என் பணம் நாலு மடங்கு சேர்த்து, காவிரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டுகிறேன்.

மகனை எல்கேஜியில் சேர்த்தது 2019-ல். அந்த ஜனவரியில்தான் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கியிருந்தது. பேப்பரில் படித்துவிட்டு, "நல்ல விஷயம், ஏழைபாழைகளுக்கு உபயோகமா இருக்கும்" என்று மனப்பூர்வமாகப் பாராட்டினேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு தனியார் பள்ளியில் விண்ணப்பம் வாங்க விடியற்காலையில் வரிசையில் நிற்கப் போனேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பள்ளியில் சேர்ப்பதற்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது. பள்ளிக்காரர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். எங்களுக்குத் தேர்வு வைக்கவில்லை, 'இன்டராக்ஷன்' வைத்தார்கள். ஏசி அறை. எதிரே மூன்று பேர். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு வியர்த்ததில்லை.

"வாட் இஸ் யுவர் விஷன் ஃபார் யுவர் சைல்ட்?" என்றார் நடுவில் இருந்தவர்.

"விஷன் நல்லா இருக்குங்க மேடம். கண்ணாடியெல்லாம் தேவைப்படல," என்றேன்.

மேஜைக்கு அடியில் மனைவி என் காலை மிதித்தாள். மகனிடம் ஒரு அட்டையை நீட்டி இது என்ன என்று கேட்டார்கள். "ஆண்டாள்," என்றான். அவர்கள் "எலிஃபண்ட்" என்று எடுத்துக்கொடுத்தார்கள். "இல்ல, ஆண்டாள்," என்றான் மறுபடி. ஸ்ரீரங்கம் கோயில் யானையைத் தினமும் பார்க்கிற பையன், வேறென்ன சொல்வான்? எதிரே இருந்த மூவரில் ஒருவருக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அவர் ஸ்ரீரங்கமாக இருக்க வேண்டும். இடம் கிடைத்துவிட்டது.

கட்டணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தத் தமிழகத்தில் 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. நீதிபதி கோவிந்தராஜன் கமிட்டி 2010-ல் பள்ளி பள்ளியாகக் கட்டணம் நிர்ணயித்தபோது, பெற்றோர்கள் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போதும் கமிட்டி கட்டணம் உண்டு. ரசீது அதற்கு வரும். அதற்கு மேலே உள்ளது 'ஆக்டிவிட்டி'. என் மகனுக்கு ஸ்கேட்டிங் என்று ஒரு ஆக்டிவிட்டி. ஸ்ரீரங்கத்தில் ஸ்கேட்டிங் விடத் தோதான சமதளம் ஆயிரங்கால் மண்டபம் ஒன்றுதான். அங்கே விட மாட்டார்கள். ஆகவே பெட்டியில் இருக்கிறது, சக்கரம் வைத்த செருப்பு, வருடத்துக்கு ஒரு சைஸ் கூடிக்கொண்டே.

மகன் சேர்ந்த அடுத்த வருடம் கொரோனா. பள்ளி மூடியிருந்தாலும் முந்தைய கட்டணத்தில் 75 சதவீதம், அதை முதலில் 40, பிறகு 35 என்று இரண்டு தவணையாக வாங்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நான் 75 சதவீதக் கட்டணமும் 100 சதவீதம் என் செல்போனும் கொடுத்தேன். அந்த இரண்டு வருடத்தில் தமிழகம் முழுக்க ஏராளமான பெற்றோர் பிள்ளைகளைத் தனியாரிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு. நான் மாற்றவில்லை. கொள்கைப் பிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஏற்கெனவே டை வாங்கியிருந்தோம்.

அப்புறம் பாலம். ஸ்ரீரங்கம் தீவுக்குள்ளேயே பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பள்ளி எப்படி நல்ல பள்ளியாக இருக்க முடியும்? வேன் வேண்டும், வேன் மஞ்சளாக இருக்க வேண்டும், அது தெருமுனையில் ஹாரன் அடிக்க, எதிர் வீட்டு மாமி எட்டிப் பார்க்க வேண்டும். இதற்காக ஒரு ஆறு தாண்டினோம். 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் வேன் சென்னை பைபாஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இரண்டாம் வகுப்புப் பையன் காலை ஆறே முக்காலுக்கு ஜாம் தடவிய ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே ஏறித் தூங்கிப்போவான். சஞ்சீவி நகர் சிக்னல் எந்தக் கலரில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதைத்தான் அந்த வருடம் அவன் நன்றாகக் கற்றான்.

வேன் டிரைவரின் மகளும் அதே பள்ளிதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்த்திருந்தார்: வருட வருமானம் இரண்டு லட்சத்துக்குள், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். கட்டணத்தை அரசு கட்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் மகளுக்கு அரசாங்கம் கட்டுகிறது. என் மகனுக்குக் கொஞ்சம் அரசாங்கப் படி, மீதி அரசாங்கச் சம்பளம். பின் பெஞ்சில் இருக்கும் பையனின் அப்பா மின்வாரியம். அவனுக்குப் பக்கத்தில் பெல். அரசாங்கப் பணத்தில்தான் அந்தத் தனியார் பள்ளி ஓடுகிறது. போர்டு மட்டும் வேறு. 2025-ல் இந்த 25 சதவீதச் சேர்க்கை கோடையில் நடக்கவேயில்லை. புதிய கல்விக் கொள்கை விவகாரத்தில் மத்திய அரசு 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்துவிட்டது என்றது மாநில அரசு. அக்டோபரில்தான் வழி திறந்தது. "சின்னவளுக்கு இந்த வருஷம் எடுக்கலாம்னு இருந்தேன் சார்," என்றார் டிரைவர். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் கல்விப் படி ஒரு மாதம்கூட நின்றதில்லை.

கேந்திரிய வித்யாலயாவுக்கு முயலவில்லையா என்று கேட்பீர்கள். முயன்றேன். அதுவும் கவர்மெண்ட் ஸ்கூல்தான். டெல்லி கவர்மெண்ட் என்பதால் தீட்டு இல்லை. பொன்மலையிலேயே ஒன்று இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு முன்னுரிமை உண்டு. அதற்குள்ளும், கடந்த ஏழு வருடத்தில் யார் அதிகம் இடமாற்றம் ஆனார்களோ அவர்களுக்கு முதலிடம். எனக்கு எத்தனை இடமாற்றம் என்று படிவத்தில் கேட்டிருந்தது. ஏழு வருடமாக நான் மேஜையைக்கூட மாற்றவில்லை. அப்போது ஒவ்வொரு எம்.பி.க்கும் வருடம் 10 இடத்துக்குச் சிபாரிசு செய்யும் உரிமை இருந்தது. 2022-ல்தான் அதை எடுத்தார்கள். மனு எழுதிக் கட்சிக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, தன் பையனுக்காக எழுதிவைத்திருந்த மனுவுக்கு அடியில் வைத்தார்.

பள்ளிக்கூட விவகாரத்தில் அரசியலுக்கு மையம் எங்கள் ஊர்தானோ என்றுகூடச் சில நேரம் தோன்றும். 2021-ல் கல்வி அமைச்சரானவருக்குப் பக்கத்துத் திருவெறும்பூர் தொகுதி. சமச்சீர்க் கல்விக்காக 2006-ல் போட்ட குழுவின் தலைவர் முத்துக்குமரன், எங்கள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு தட்டில் பரிமாறிக்கொண்டிருந்ததை ஒரே பந்தியாக்க அவர் குழுதான் வழி சொன்னது. 2010-ல் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் புத்தகம் வந்தது. 2011 மே மாதம் ஜெயலலிதா முதல்வரானார், அதுவும் எங்கள் ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயித்து. சமச்சீர் நிறுத்திவைக்கப்பட்டது. ஜூன் 15 பள்ளி திறந்தது, புத்தகம் இல்லை. ஜூலை 18-ல் உயர் நீதிமன்றம் நடத்து என்றது. ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றம், பத்து நாளைக்குள் கொடு என்றது.

என் அக்கா மகன் அப்போது ஏழாவது. பை இல்லாமல் பள்ளிக்குப் போய்ப் பை இல்லாமல் வந்தான். வாத்தியார்கள் கதை சொன்னார்கள், பாட்டு பாடச் சொன்னார்கள், மரம் பெயர் கேட்டார்கள். "மாமா, ஸ்கூல் இப்பத்தான் நல்லா இருக்கு," என்றான். ஆகஸ்டில் புத்தகம் வந்தது, ஆங்காங்கே ஸ்டிக்கர் ஒட்டி. முந்தைய ஆட்சி சம்பந்தப்பட்ட பக்கங்களை மறைத்திருந்தார்கள். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்தால் ஸ்டிக்கர் கிழியாமல் உரியும் என்று கண்டுபிடித்து, தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தான். அக்கா வீட்டில் அந்த மாதம் எண்ணெய் இரண்டு தடவை வாங்கினார்கள். வேறெந்தப் பாடத்தையும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அவ்வளவு ஊன்றிப் படித்திருக்க மாட்டார்கள்.

சமச்சீரை எதிர்த்து மெட்ரிக் பள்ளிப் பெற்றோர்கள் கொதித்ததும் நினைவிருக்கிறது. புத்தகம் நன்றாக இல்லை என்பது வெளியே சொன்ன காரணம். முடிதிருத்துபவர் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே புத்தகமா என்பது உள்ளே இருந்தது. பல மெட்ரிக் பள்ளிகள் மெல்ல சிபிஎஸ்இக்கு மாறின. என் மகன் படிக்கும் பள்ளியும் அப்படி மாறியதுதான். நாங்கள் காசு கொடுத்து வாங்குவது பாடம் அல்ல, பக்கத்து சீட்டு. என் கிராமத்துப் பள்ளியில் பெரிய பண்ணை வீட்டுப் பையனும் அவர்கள் வயலில் நாற்று நடுகிறவர் பையனும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். பண்ணை வீட்டார் வேறு பள்ளிக்குப் போன வருடமே கூரை ஒழுக ஆரம்பித்தது, சொல்ல ஆளில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே டேர்ம் ஃபீஸ் கட்டுகிறவன் நான்.

எங்கள் ஒர்க்ஷாப் கேண்டீனில் இந்த விவாதம் வாரத்துக்கு ஒரு முறை நடக்கும். எங்கள் சீனியர் ஒருவர் வாயைத் திறந்தால் ஃபின்லாந்து. அங்கே தனியார் பள்ளியே கிட்டத்தட்டக் கிடையாது, வீட்டுப்பாடம் குறைவு, ஏழு வயதில்தான் பள்ளி என்பார். அவர் பேரன் இரண்டரை வயதில் பிளேஸ்கூல் போகிறான். இன்னொருவர், இங்கிலாந்தில் 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வரி போட்டுவிட்டார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தார். எல்லோரும் வடையைக் கீழே வைத்துவிட்டோம். அங்கேதான் என்று தெரிந்த பிறகு எடுத்தோம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி 2015 ஆகஸ்டில். அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் உட்பட எல்லோரும் பிள்ளைகளை அரசு ஆரம்பப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் தனியார் பள்ளிக்குக் கட்டும் அளவு தொகையை அரசுக்கும் கட்ட வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்லவேளை, உத்தரப் பிரதேசத்தோடு நின்றது. அங்கேயும் நிற்கத்தான் செய்தது, நடக்கவில்லை. யாரும் சொல்லாமலே செய்தவர்களும் உண்டு. 2011-ல் ஈரோடு கலெக்டர் ஆனந்தகுமார் தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். 2019-ல் திருநெல்வேலி கலெக்டர் ஷில்பா பிரபாகர் சதீஷ் மகளை அங்கன்வாடியில் விட்டார். "கலெக்டர் பொண்ணு எங்க படிச்சாலும் கலெக்டர் பொண்ணுதான்யா," என்றார் ஃபின்லாந்து. அதற்கு மறுப்பு சொல்ல முடியவில்லை. நாங்கள் குமாஸ்தாக்கள், எங்களுக்கு டை வேண்டியிருக்கிறது.

பழம்பெருமை பேசும்போது மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. அப்துல் கலாம் ராமேசுவரத்தில் பஞ்சாயத்துப் பள்ளியில் ஆரம்பித்துத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு வந்தவர். அதே கல்லூரியில் படித்த சுஜாதா, ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. "அந்தக் காலத்து கவர்மெண்ட் ஸ்கூல் மாதிரி வருமா!" என்று உச்சுக்கொட்டுவோம். அது அரசுப் பள்ளி அல்ல, அரசு உதவி பெறும் பள்ளி என்று எங்கள் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் திருத்துவார். நிர்வாகம் அவர்களுடையது, வாத்தியார் சம்பளம் அரசாங்கத்துடையது. ஊரில் பேர்பெற்ற பழைய பள்ளிகள் அநேகமாக இந்த ரகம்தான். இது என்ன பெரிய வித்தியாசம் என்று நான் அலட்சியமாக இருந்தேன். ஏழரை வரும்வரை.

தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் வந்த சட்டம் அது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதற்கு முந்தைய நீட் வருடங்களில் அரசுப் பள்ளியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. முதல் வருடமே எம்பிபிஎஸ் மட்டும் முந்நூறைத் தாண்டியது. மறு வருடம் இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் எல்லாவற்றுக்கும் நீட்டினார்கள். உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது. இதற்குள் எங்கள் மாவட்டத்துப் பச்சைமலையிலிருந்து ஒரு பழங்குடிப் பெண், அரசு உறைவிடப் பள்ளியில் படித்து, ஜேஇஇ எழுதி, இந்த ஏழரை ஒதுக்கீடு இல்லாத அதே துவாக்குடி என்ஐடிக்குள் 2024-ல் போய்விட்டார். அவருக்கு ஸ்கேட்டிங் தெரியுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என் மகன் இப்போது ஐந்தாவது. அடுத்தது ஆறு. திடீரென்று தெருவில் அரசுப் பள்ளியின் மேல் ஒரு மரியாதை கிளம்பியிருக்கிறது. குசுகுசுவென்று விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். துறையூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருக்கும் மச்சினன் வந்திருந்தான்.

"ஏழரைக்கு இப்பவே மாத்தினாத்தான் உண்டு மாமா," என்றான்.

எழுபத்தெட்டு வயது அம்மா ஊஞ்சலிலிருந்து பதறினாள். "ஏழரையா? யாருக்குடா? பையனுக்கா உனக்கா?"

"சனி இல்லம்மா. இது மெடிக்கல் சீட்டு."

"எத்தனை வருஷம்?"

"ஆறாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும், ஏழு வருஷம்."

"அப்ப சனிதான்," என்று அம்மா முடித்துவிட்டாள். "திருநள்ளாறு போயிட்டு வந்துடுங்க."

மச்சினன் அரசுப் பள்ளியின் அருமைபெருமைகளை அடுக்கினான். ஹைடெக் லேப், தகுதித் தேர்வு எழுதி வந்த வாத்தியார்கள், ஆங்கில வழிப் பிரிவு, இலவச சைக்கிள். பெண்ணாக இருந்தால் கல்லூரிக்குப் போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். பையனுக்கும் 2024 முதல் தமிழ்ப் புதல்வனில் ஆயிரம். எனக்கே புல்லரித்தது. என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "உன் புள்ளைங்க ரெண்டு பேரும் எங்கடா படிக்கிறாங்க?"

"அது வந்துக்கா... சிபிஎஸ்இ. நான் அடிக்கடி டிரான்ஸ்ஃபர் ஆகிறவன் பாரு."

"பதினோரு வருஷமா துறையூர்லதானே இருக்கே?"

"ஆனா எப்ப வேணா ஆகலாமில்ல?"

பையனைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்டபோது, "அங்க வேன் உண்டா?" என்றான். கிடையாது என்றதும், "அப்ப ஏழரை மணிவரைக்கும் தூங்கலாமா?" என்றான். இந்த விவகாரத்தில் ஏழரையைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன்தான்.

ஒரு சனிக்கிழமை, பையனையும் ஏற்றிக்கொண்டு அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றை விசாரிக்கப் போனேன். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஹெல்மெட் போட்டுக்கொண்டேன். அது தப்புக் கணக்கு. எங்கள் தெருவில் உள்ளூருக்குள் ஹெல்மெட் போட்டவனைத்தான் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். "என்ன சார், சென்னைக்கா?" என்று பூக்கடைக்காரர் கேட்டார். பள்ளி வாசலில் இன்னொரு ஹெல்மெட் நின்றிருந்தது. கழற்றினால் ஃபின்லாந்து. பேரனுக்கு இன்னும் மூன்று வயதாகவில்லை; "சும்மா, முன்கூட்டியே ஒரு ஐடியாவுக்கு," என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்று பேசி முடிவுசெய்தோம்.

தலைமையாசிரியை அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்ததும், "வாங்க சார். ஏழரையா?" என்றார்.

நான் அசடு வழிந்தேன். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது போல. அவர் அலுத்துக்கொள்ளவில்லை. ஆங்கில வழியில் இடம் குறைவு, சீக்கிரம் சொல்லுங்கள். ஆதார், எமிஸ் நம்பர், டிசி கொண்டுவாருங்கள் என்றார். டிசி என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. மூன்றாம் டேர்ம் பாக்கி இருக்கிறது. பாக்கி இருக்கிறது என்று டிசியில் எழுதக் கூடாது, பிள்ளையைச் சேர்க்க டிசி கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது, பயப்படாதீர்கள் என்று அவரே தைரியம் சொன்னார். எனக்கு எந்தப் பள்ளியிலும் இதுவரை யாரும் தைரியம் சொன்னதில்லை. பில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அதே வளாகத்தில் தொடக்கப் பள்ளியும் இருந்தது. பையன் அங்கே சுவரில் எழுதியிருந்த பட்டியலைச் சத்தமாக வாசித்துக்கொண்டே ஓடிவந்தான். ஐந்து வருட சிபிஎஸ்இக்குப் பிறகும் அவ்வளவு தமிழ் வாசிக்கிறானே என்று எனக்கு ஆச்சரியம்.

"அப்பா, இங்க காலைலயே பொங்கல் தராங்க! ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, சாம்பாரோட!"

"அது ஒண்ணாவதுலேந்து அஞ்சாவது வரைக்கும்தான் கண்ணு," என்றார் தலைமையாசிரியை. "முதலமைச்சர் காலை உணவு. நீ ஆறாவதுக்கு வந்தா மத்தியானச் சாப்பாடு உண்டு, முட்டையோட."

பையன் முகம் விழுந்துவிட்டது. விரல் விட்டு ஏதோ எண்ணினான்.

"இது எப்பலேந்து மிஸ்?"

"2022-ல ஆரம்பிச்சாங்க. 2023 ஆகஸ்ட்லேந்து கவர்மெண்ட் பிரைமரி ஸ்கூல் எல்லாத்துலயும் இருக்கு."

"அப்ப மூணாவது, நாலாவது, அஞ்சாவது," என்று என் பக்கம் திரும்பினான். ஜாம் ரொட்டி தின்று வளர்ந்த பையனின் கண்ணில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. "மூணு வருஷப் பொங்கல்ப்பா!"

எனக்குச் சர்வீஸ் இருபத்து மூன்று வருடம். வரவேண்டியது ஒன்று வராமல் போயிற்று என்று கேள்விப்பட்டால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

"மேடம், முன்தேதியிட்டு சேத்துக்க வழி உண்டா? இல்லைன்னா அரியர்ஸ் மாதிரி ஏதாவது...?"